முயல் கூண்டா? தரையில் தொடங்குங்கள்

முயல் கூண்டு செய்ய உட்காரும் பலரும் முதலில் யோசிப்பது கூரையைத்தான். ஓட்டு வீடு மாதிரி ஒரு சரிவு, முன்னால் ஒரு முகப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாற்றம் தாங்காமல் அந்தக் கூண்டு கொல்லைக்குப் போவது தரையால். மரம் முயலின் மூத்திரத்தைக் குடித்துவிட்டால், பிறகு எந்தப் பினாயிலுக்கும் அது போகாது. அம்மோனியா நெடி முயலின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். எனவே தரையை முடிவு செய்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

இரண்டு கிலோ முயல் ஒன்று இரவு தங்க 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போதும். பின்னங்காலில் எழுந்து நின்றால் காது கூரையில் இடிக்கக் கூடாது, உயரத்துக்கு அதுதான் கணக்கு. தினமும் சில மணி நேரம் வெளியே ஓடவிடுவீர்கள் என்று நம்பித்தான் இந்த அளவைச் சொல்கிறேன். நாளெல்லாம் அடைத்தே வைப்பதென்றால் இதில் இரண்டு மடங்கும் பத்தாது. அந்த எண்ணம் இருந்தால் முயலே வாங்காதீர்கள்.

தரை முழுக்கக் கம்பி வலை போடுவது பண்ணைக்காரர்கள் வழக்கம். புழுக்கை கீழே விழுந்துவிடும், கூட்டும் வேலை மிச்சம். ஆனால் நாய், பூனைக்கு உள்ளதுபோல் முயலின் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியிலேயே உட்கார்ந்திருந்தால் பின்னங்காலில் முடி உதிர்ந்து புண்ணாகும். பாதித் தரைக்கு அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ், மீதிக்குப் பலகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலகையை ஆணியடிக்காமல் சும்மா வைத்தால், எடுத்துக் கழுவி வெயிலில் காயவைக்கலாம்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும். புல்லைக் கொறித்தபடியே புழுக்கை போடுவதும் அதற்கு வழக்கம். அதனால் புல் தட்டியை வலைப் பக்கம் மாட்டுங்கள், பலகை தானாகவே சுத்தமாக இருக்கும். வலைக்குக் கீழே மேசை டிராயர் போல இழுத்தெடுக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கட்டும். தகரம் துருப்பிடிக்கும். தட்டில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புச் சத்து. தேய்த்துக் கை நோக வேண்டாம், வினிகர் ஊற்றிச் சற்று ஊறவிட்டால் கரைந்துவிடும்.

மரம் வேம்போ வேங்கையோ, காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் முறுக்கிக்கொண்டு கதவு சேராமல் போகும். சட்டத்துக்கு 2×2 கட்டை, கதவுக்கு 2×1 ரீப்பர். இறக்குமதிச் சரக்கோடு வரும் பேக்கிங் கட்டை மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும், கண்ணில் பட்ட கட்டையை எல்லாம் அது கடிக்கும். அதனாலேயே வலையைச் சட்டத்தின் உள்பக்கம் அடிக்க வேண்டும், வார்னிஷ் வெளிப்பக்கத்தோடு நிற்க வேண்டும். கடிப்பதற்கென்று வேப்பங்குச்சி ஒன்றிரண்டு போட்டுவையுங்கள்.

சுவருக்கும் வெல்டு மெஷ்தான். அறுகோணக் கோழி வலை முயல் வெளியே போகாமல் இருக்கப் போதும், தெருநாய் உள்ளே வராமல் இருக்கப் போதாது. கதவு ஒன்றரை அடியாவது அகலமாக இருக்கட்டும். சின்னக் கதவு வழியே இழுக்கும்போது முயல் உதைத்துத் திமிறும், அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறியலாம். கொக்கி வேண்டாம், தாழ்ப்பாள் போடுங்கள்.

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேறும். 30 டிகிரி தாண்டினாலே திணறும், நம் கத்திரி வெயிலோ 40ஐத் தொடும். தகரக் கூரையானால் அதன்மேல் தென்னங்கீற்று வேயுங்கள். வாயகன்ற மண்பானை ஒன்றை உள்ளே படுக்க வைத்தால் ஒளியவும் ஆகும், குளுமைக்கும் ஆகும்.

எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் டெங்குக் கொசு முட்டையிடுவதும் அந்த மாதிரித் தண்ணீரில்தான். வாரத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றி, மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுங்கள்.