கச்சானும் வாடையும் கிட்டாரும்

திருகோணமலையில் பழைய கிட்டார் ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். "நேவிக்காரன் விட்டுப்போனது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், இலட்சக்கணக்கில் போகும்." பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில்தான் இந்தத் துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. அதனால் இப்படி ஒரு கதைக்கு இங்கே இடம் உண்டு. ஆனாலும் கதையை நம்பிக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கிட்டாரின் வயதைக் கிட்டாரே சொல்லிவிடும். நடுத் துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பனி 1898இல் 8000 என்ற எண்ணில் தொடங்கித் தன் கிட்டார்களுக்குத் தொடர் இலக்கம் இட்டு வருகிறது. கழுத்து உடலோடு பொருந்தும் கட்டையில் அந்த இலக்கம் பதிந்திருக்கும். எந்த ஆண்டு எந்த இலக்கத்தோடு முடிந்தது என்ற பட்டியலும் எவருக்கும் கிடைக்கிறது. உள்ளே ஒட்டிய லேபல் ஜப்பான் என்றோ கொல்கத்தா என்றோ சொன்னால் மனம் சோர வேண்டாம். அது வாசிக்க நல்ல கிட்டாராகவே இருக்கலாம். 1930களின் மார்ட்டினுக்கு உரிய விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

கப்பலோடு முடிச்சுப் போடும் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. அகன்ற உடலும் இடுங்காத இடுப்பும் கொண்ட கிட்டாரை "டிரெட்நாட்" என்கிறோம். அது போர்க்கப்பல்களில் வாசிக்கச் செய்யப்பட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். 1906இல் பிரித்தானியா நீரில் இறக்கிய டிரெட்நாட் என்ற கப்பல் அன்றைய உலகின் போர்க்கப்பல்களையெல்லாம் சிறியதாக்கிவிட்டது. 1916இல் டிட்சன் என்ற அமெரிக்க இசைக்கடைக்காக மார்ட்டின் ஒரு பெரிய கிட்டாரைச் செய்தபோது அதன் பருமனுக்காக அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கப்பலுக்கும் கிட்டாருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

"கிட்டார் பழசாகப் பழசாக இனிக்கும்" என்பது சேகரிப்பவர்கள் எல்லாரும் விரும்பி நம்பும் வாக்கு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக மரத்தின் வேதியியல் மாறுகிறது, எடை சற்றுக் குறைகிறது. மரத்தைச் சூளையில் வாட்டி அந்த மாற்றத்தைச் செயற்கையாக உண்டாக்கும் முறை இன்றைய புதுக் கிட்டார்களில் பரவலாகிவிட்டது. ஆனால் "வாசிக்க வாசிக்க ஒலி திறக்கும்" என்பதைச் சோதித்தவர்களுக்கு அப்படித் தெளிவான விடை கிடைக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே கைவினைஞர் ஒரே வேளையில் செய்த இரண்டு வயலின்களை எடுத்தார்கள். ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது, மற்றது ஒரு கலைஞரின் கையில் தொடர்ந்து வாசிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின் அளந்தும் வாசிக்க வைத்தும் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்த முடிவு 2005இல் வெளியானது. வாசிப்பவரின் கைக்கும் காதுக்கும் அந்தக் கருவி பழகிப்போவதை மரத்தின் முதிர்ச்சி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம் என்பதே என் துணிபு.

பழைய கிட்டார்களில் சில அற்புதமாக ஒலிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மோசமாக ஒலித்தவற்றை எவரும் பாதுகாக்கவில்லை. அவை எறியப்பட்டன, விறகாயின. எஞ்சியவற்றை மட்டும் கேட்டுவிட்டு அந்தக் காலத்தையே புகழ்கிறோம்.

மரத்தைப் பற்றிய நம்பிக்கைகள்தான் பணத்தை அதிகம் விழுங்குகின்றன. பிரேசில் ரோஸ்வுட் முதுகு கொண்ட கிட்டாருக்கு ஈடில்லை என்பார்கள். அந்த மரத்தின் வணிகம் 1992 முதல் உலக அளவில் தடைசெய்யப்பட்டது, அருமையும் விலையும் அதனால் ஏறின. மார்ட்டின் கம்பனி அதற்கு முன்பே, 1969இல், தன் வழக்கமான மாதிரிகளை இந்திய ரோஸ்வுட்டுக்கு மாற்றிவிட்டது. அது தென்னிந்தியக் காடுகளில் வளரும் நம் ஈட்டி மரம்தான். இரண்டுக்கும் இடையே காது கேட்கும் வேறுபாடு எவ்வளவு? 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரம், மற்றெல்லாம் ஒன்றே. விலையுயர்ந்த பிரேசில் மரமும் அவற்றில் இருந்தது, மலிவான மரங்களும் இருந்தன. மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டி, 52 கலைஞர்கள் வாசித்தார்கள். ஒலித்தரத்துக்கு அவர்கள் இட்ட புள்ளிகள் ஏறத்தாழச் சமம்.

ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் இதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் தந்தவர் அவர். 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் இட்டு ஒரு கிட்டாரைச் செய்தார். பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது மேற்பலகையும் அதன் அடியில் ஒட்டிய தாங்கு சட்டங்களும். முதுகு மரத்துக்கு அழகுக்காகப் பணம் கொடுங்கள், அது தவறில்லை. ஒலிக்காகக் கொடுப்பதாக நினைத்துக் கொடுக்காதீர்கள்.

இந்த மர வணிகத்தில் இலங்கையும் ஒட்டியிருக்கிறது. 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, விற்பதற்காக ஒரு கிட்டாரை நாட்டு எல்லை தாண்டி அனுப்பவே அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. அந்த விதியை மறுபரிசீலனை செய்யும் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் கூடுவதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்டில் நடந்தது. செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு அங்கே விலக்குக் கிடைத்தது, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு உறவினர் ஒருவர் பழைய பிரேசில் ரோஸ்வுட் கிட்டாரைக் கொண்டுவருவதாகச் சொன்னால் பத்திரங்களைக் கேளுங்கள்.

விரல்பலகைக்கு உலகம் தேடும் கருங்காலி நம் வறண்ட வலயக் காட்டு மரம். அது முழுக் கறுப்பாக இருந்தால்தான் உயர்தரம் என்பதும் வெறும் பழக்கமே. கமரூனில் கருங்காலி ஆலை ஒன்றை 2011இல் கூட்டாக வாங்கிய டெய்லர் கிட்டார் கம்பனி அங்கே ஒரு கொடுமையைக் கண்டது. வெட்டிச் சாய்த்த மரங்களில் பத்தில் ஒன்றுதான் முழுக் கறுப்பு. வரியோடிய மற்ற ஒன்பதும் காட்டிலேயே அழுக விடப்பட்டன. வரியோடிய கருங்காலியின் ஒலியிலும் உறுதியிலும் குறை எதுவும் இல்லை. பழுப்புக் கோடு தெரிகிறதென்று ஒரு கிட்டாரை ஒதுக்குவது அந்த ஒன்பது மரங்களுக்கும் செய்யும் அநீதி.

இனி நம் ஊருக்கே உரிய நம்பிக்கைக்கு வருகிறேன். "கடற்கரை ஊர், ஈரக் காற்று, இங்கே மரம் காய்ந்து வெடிக்காது." இதைச் சொல்பவர்கள் வாடையை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை மழை கொட்டும்போது மேற்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். மூன்று மில்லிமீற்றருக்கும் உட்பட்ட தடிப்புள்ள பலகை அது. பிரிட்ஜ் மேலே எழும், கம்பி விரல்பலகையை விட்டு உயரும், அழுத்தினால் விரல் நோகும். ஆனால் வைகாசி தாண்டியதும் கச்சான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டு, வறண்டு, சூடேறி, கிழக்குக் கரையில் இறங்கும் காற்று அது. வாடையில் உப்பிய அதே பலகை கச்சானில் சுருங்குகிறது. நார்களுக்குக் குறுக்காகத்தான் மரம் அதிகம் சுருங்கும் என்பதால், பிரிட்ஜின் இரு பக்கமும் நார் வழியே நீள வெடிப்பு ஓடும். வெடிப்பதற்கு முன்னே மரம் எச்சரிக்கையும் தரும். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட் முனைகள் வெளியே நீண்டு கீறினால் விரல்பலகை சுருங்கிவிட்டது என்று அர்த்தம். குளிரூட்டிய அறையும் இதையேதான் செய்கிறது, காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும்.

கிட்டார் செய்பவர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கும் ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம். சிறிய ஈரப்பதன்மானி ஒன்று வாங்கிக் கிட்டார் பெட்டிக்குள் வையுங்கள். வாடைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதி, கச்சானில் ஈரம் விடும் பொதி. சுவரில் மாட்டி வைப்பது அழகுதான், ஆனால் கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே மாட்டிய கிட்டாரின் கம்பியும் முறுக்காணியும் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் ஒருபோதும் விடாதீர்கள், பசை இளகிப் பிரிட்ஜ் பெயரும்.

ஈரமும் வறட்சியும் மரத்தை இப்படி அசைப்பதால்தான் "பிளைவுட் கிட்டார் குப்பை" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. முழுப்பலகைக் கிட்டாரின் ஒலி செறிவானது என்பது உண்மை. ஒட்டுப்பலகை ஈரத்துக்கும் வறட்சிக்கும் அவ்வளவாக அசையாது என்பதும் அதேயளவு உண்மை. யமஹா 1966இல் வெளியிட்ட எஃப்ஜி 180 மேற்பலகை உட்பட முழுவதும் ஒட்டுப்பலகையால் ஆனது. அதைச் சேகரிப்பவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழும் பிள்ளைக்கு முதல் கிட்டார் வாங்குபவர் பிளைவுட்டுக்குத் தயங்க வேண்டாம்.

கிட்டாரைக் கொல்லும் வைத்தியங்களும் சில உண்டு. நைலோன் கம்பிக் கிட்டாருக்கு "சத்தம் கூடட்டும்" என்று இரும்புக் கம்பி பூட்டுவது முதலாவது. நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை 40 கிலோவை ஒட்டியது. மெல்லிய இரும்புக் கம்பித் தொகுதியே 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பிய்ந்து வருவது அல்லது மேற்பலகை வளைவது, இரண்டில் ஒன்று நடக்கும். அடுத்தது, கம்பி உயர்ந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை முறுக்குவது. அந்த ராட் கழுத்தின் வளைவைத் திருத்தவே இருக்கிறது. கழுத்து உடலோடு சேரும் கோணம் மாறியிருந்தால் அதனால் பயனில்லை, அளவுக்கு மீறி முறுக்கினால் அது உடைந்தே போகும். மார்ட்டின் கிட்டார்களுக்கு இப்படி முறுக்கக்கூடிய ராட் 1985இல்தான் வந்தது. வாங்கும்போது நேரான அடிமட்டம் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் நீளமாக வைத்துப் பாருங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் நல்லது. விளிம்புக்கு வெகு கீழே முட்டினால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டிவரும், அந்தச் செலவு சில வேளை கிட்டாரின் விலையையே மிஞ்சும். தேங்காய் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் பின்னர் எந்தப் பசையையும் பிடிக்க விடாது.

"கிட்டார் நேற்று சினிமாவோடு வந்த கருவி, நமக்கு ஒட்டாதது" என்று இன்னும் சொல்பவர்களுக்குத் திருகோணமலையின் பாலையூற்றைக் காட்டுகிறேன். போர்த்துக்கேயர் 1620களில் இந்த ஊருக்கு வந்தார்கள், 1639இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்களின் வழிவந்த பறங்கியர் சமூகம் இங்கேயும் மட்டக்களப்பிலும் தன் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கபிரிஞ்ஞா ஆட்டத்தையும் இன்றுவரை காத்துவருகிறது. அந்த ஆட்டத்துக்கு வயலின், கிட்டார், மன்டொலின், ரபான் சேர்ந்து ஒலிக்கும். அன்று வந்த நரம்புக் கருவி இன்றைய ஆறு கம்பிக் கிட்டார் அல்ல, இந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஆனாலும் நரம்பை மீட்டிப் பாடும் பழக்கம் இக்கரைக்குப் புதிதல்ல. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ குழுவினர் அந்த மொழியையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். பின்னர் தமிழ்ப் பொப்பிசை எழுந்தபோது, யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினத்தோடு திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஸ், கோணேஸ் பெயரும் ஊரூராகப் பேசப்பட்டது.

ஆகவே பாலையூற்றிலோ உவர்மலையிலோ உங்கள் வீட்டு அலுமாரியின் மேலே பழைய கிட்டார் ஒன்று கிடந்தால் எண்ணெய் பூசாதீர்கள், எபோக்சி வைத்து ஒட்டாதீர்கள். கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, பெட்டிக்குள் வையுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: யார் வாங்கியது, எங்கே, எந்த ஆண்டு, யார் யாருடைய கலியாணத்தில் வாசித்தது. தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, அந்தத் தாளையும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.