தீட்டா அலையும் நினைவின் தாளமும்

பருவத் தேர்வு நடைபெற்றுக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. “ஐயா, இரவெல்லாம் கண்விழித்துப் படித்தேன். வினாத்தாளைக் கண்டதும் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. படித்ததெல்லாம் எங்கே போயிற்று?” என்று கேட்டார். ஆறுதல் கூறி அனுப்பினேனேயன்றி, அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கு மூளையியலில் புலமை இல்லை. எனினும் அவ்வினா என்னை விடவில்லை. அதன்பொருட்டுத் தேடிப் படித்தவற்றுள் தீட்டா அலைகள் பற்றிய செய்திகளை மட்டும் இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

மூளையின் மின்னலைகள்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மின்துடிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. எண்ணற்ற அணுக்கள் ஒருங்கே இயங்கும்போது மின்னழுத்தம் அலைபோல் ஏறி இறங்குகிறது. விலங்குகளின் மூளையில் இம்மின்னியக்கம் இருப்பதை 1875இல் லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்டு கேட்டன் அறிவித்தார். ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக விளங்கிய ஹான்ஸ் பெர்கர், 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். எனினும் உடனே அதனை வெளியிட்டாரல்லர். ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, 1929இல்தான் உலகுக்கு உரைத்தார். அறிவுத்துறையில் பொறுமைக்கு இஃதொரு நற்சான்று.

அலைகள் நொடிக்கு எத்தனை முறை எழுகின்றன என்பதைக் கொண்டு அவை வகைப்படுத்தப்படுகின்றன. 4க்கும் குறைவாக எழுவன டெல்டா. 4 முதல் 8 வரை தீட்டா. 8 முதல் 13 வரை ஆல்ஃபா. 13 முதல் 30 வரை பீட்டா. அதற்கும் மேற்பட்டவை காமா. தீட்டா என்னும் பெயரை 1944இல் கிரே வால்டரும் டோவியும் வழங்கினர்.

ஒரு தீட்டா அலையின் கால அளவு அரைக்கால் நொடி முதல் கால் நொடி வரையாகும். கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாக வகுத்தவர் தொல்காப்பியர். அவர் கூறிய கண்ணிமைப் பொழுதிற்குள் தீட்டா ஓரிரு முறை எழுந்து அடங்கிவிடும் எனலாம்.

நினைவுக்கும் தீட்டாவுக்கும் உள்ள உறவு

மூளையின் இருபுறத்தும், பொட்டுப் பகுதிக்கு உள்ளே, கடற்குதிரையின் வடிவை ஒத்த ஓர் உறுப்பு உள்ளது. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். 1953இல் அமெரிக்காவில் வலிப்பு நோயாளி ஒருவருக்கு இருபுறத்தும் அதன் பெரும்பகுதி அறுவை மருத்துவத்தால் நீக்கப்பட்டது. வலிப்புத் தணிந்தது, ஆயின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் இருத்த அவரால் இயலாமற் போயிற்று. சற்றுமுன் சந்தித்தவரையே முதன்முறை காண்பவர்போல் வரவேற்றார். 2008இல் மறையும் வரை இந்நிலை மாறவில்லை. புதிய நினைவுகளுக்கு இவ்வுறுப்பு இன்றியமையாதது என்பது இவரால் விளங்கிற்று.

எலி முதலிய விலங்குகள் புதிய இடத்தைத் துருவி ஆராயும்போது இவ்வுறுப்பில் தீட்டா அலை வலுவாக எழுகிறது. 1978இல் ஜோனதன் வின்சன், எலிகளின் மூளையில் இத்தாளத்திற்கு அடிப்படையான செப்டம் என்னும் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். தீட்டா மறைந்தது, அவ்வெலிகள் முன்னர்க் கற்றிருந்த இடநினைவும் உடன் மறைந்தது.

தீட்டா இங்கு என்ன பணி புரிகிறது? 1995இல் லிஸ்மன், இடியார்ட் ஆகியோர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். ஒரு தீட்டா அலைக்குள் பல காமா அலைகள் அடங்குகின்றன. செய்யுளின் ஓரடிக்குள் சீர்கள் முறையே அமைவதுபோல, நாம் மனத்தில் ஏந்தும் செய்திகள் ஒவ்வொரு காமா அலையிலும் வரிசைப்பட அமர்கின்றன என்பது அவர்தம் கருத்து. இது குறித்த ஆய்வு இன்றும் தொடர்கிறது.

மனக்கணக்குப் போடுவோரின் நெற்றி நடுவே தீட்டா பெருகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1972இல் அறிவித்தனர். மனத்தில் ஏந்த வேண்டியவை மிகுந்தால் இவ்வலையும் வலுப்பெறும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதனைப் படித்தபோது கோட்டாறு தந்த செய்குத்தம்பிப் பாவலர் என் நினைவில் எழுந்தார். கணக்கு, கவிதை, முதுகில் விழும் கற்களின் எண்ணிக்கை என நூறு செய்திகளில் ஒருசேரக் கருத்தூன்றும் கலை சதாவதானம். அதனை அவர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்த்திக் காட்டினார். அன்று மூளையலையைப் பதியும் கருவி இல்லை. ஆதலின் அவர் மூளையில் எவ்வலை எழுந்தது என எவரும் கூறவியலாது. ஆயினும் அவ்வாற்றல் இடையறாப் பயிற்சியின் கனி என்பதில் ஐயமில்லை.

ஒரு பெயர், இரு நிலைகள்

இவ்விடத்தில் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். கருத்தூன்றும்போது எழும் தீட்டாவே அயர்விலும் எழுகிறது. உறக்கம் தழுவத் தொடங்கும்போது ஆல்ஃபா தேய்ந்து தீட்டா தோன்றும். உறக்கம் இழந்தவர் விழித்திருக்கும்போதே அது மிகும். வலிப்பு நோயாளிகள் சிலரின் மூளைக்குள் மருத்துவத்தின் பொருட்டுப் பொருத்தப்பட்டிருந்த மின்முனைகள் வழி நிகழ்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. இரவு கண்விழித்த அவர்கள் தடுமாறும் தறுவாயில், நரம்பணுக்கள் தளர்ந்தும் தாழ்த்தும் துடித்தன. அப்பகுதிகளில் மெல்லலைகளும் மிகுந்தன. கண் விழித்திருக்க, மூளையின் ஒரு பகுதி உறங்கியது போன்ற நிலை அது!

எனவே, “தீட்டாவைத் தூண்டி நினைவாற்றலைப் பெருக்குவோம்” என விற்கப்படும் ஒலிப்பதிவுகளையும் கைப்பேசிச் செயலிகளையும் நம்பிப் பெற்றோர் பொருளிழத்தல் தகாது. அலை பெருகுவதாலேயே அறிவு பெருகிவிடாது. எவ்விடத்தில், எந்நிலையில், எவ்வினையின்போது அது எழுகிறது என்பதே பொருட்படுத்தத் தக்கது.

அன்று வினவிய மாணவருக்கு இன்று விடை கூற என்னால் இயலும்: “தம்பி, நீ சோம்பியிருக்கவில்லை, உன் மூளைதான் அயர்ந்திருந்தது. படித்ததை நிலைபெறச் செய்யும் பணியின் பெரும்பகுதியை மூளை உறக்கத்தில்தான் செய்கிறது. அவ்வுறக்கத்தை நீ அதற்கு வழங்கவில்லை.”

மாணவச் செல்வங்களே! நாள்தோறும் சிறிது சிறிதாகப் படியுங்கள்; படித்ததை நூலை மூடிவைத்து நினைவுகூர்ந்து பாருங்கள்; தேர்வுக்கு முந்தைய இரவில் நன்கு உறங்குங்கள். பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! நள்ளிரவில் எரியும் விளக்கை மட்டும் உழைப்பின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். பிள்ளைகளை உரிய நேரத்தில் உறங்கச் செய்வதும் கல்விப் பணியே.