ஓரம் எங்கே இருக்கிறது?

காலை இறைவணக்கக் கூட்டத்தில் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த அறிவுரை, "சைக்கிளில் வருபவர்கள் ஓரமாகப் போங்கள்" என்பது. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், கூட்டம் முடிந்ததும் வந்து கேட்டான்: "மிஸ், சி.டி.எச். ரோட்ல ஓரம் எங்க இருக்கு?"

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை அந்தச் சாலையில் போய்வருபவர்களுக்கு அவன் கேள்வி புரியும். ஓரத்தில் மணல், நிறுத்திய வண்டிகள், கடைப் பலகை, போதாக்குறைக்கு எதிர்த்திசையில் வரும் பைக். ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் வலப்பக்கம் விலக வேண்டும். பின்னால் பேருந்து வரும்.

அந்த வாரம் 'இயக்கம்' பாடம் நடந்துகொண்டிருந்தது. அவன் கேள்வியையே கணக்காக்கினேன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பேருந்து; முன்னால் 12 கி.மீ. வேகத்தில் சைக்கிள். ஓட்டுநர் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று கொள்வோம். அதற்குள் இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 12 மீட்டர் குறைந்துவிடும். எங்கள் வகுப்பறையின் நீளம் 6 மீட்டர். "இன்னும் பிரேக்கே பிடிக்கல மிஸ்" என்றாள் ஒரு மாணவி.

மறுநாள் மைதானத்தில் அளந்தோம். சைக்கிளின் கைப்பிடி அகலம் சுமார் 60 செ.மீ. அதே அகலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டச் சொன்னேன். யாராலும் கோட்டுக்குள் நிற்க முடியவில்லை. மெதுவாக ஓட்டியவர்கள் இன்னும் அதிகம் தள்ளாடினார்கள். ஒரு சைக்கிளுக்கு 1 மீட்டர், ஒன்றையொன்று முந்த 2 மீட்டர் வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்தார்கள். நிறுத்திவைத்த ஒரு காரின் அகலமும் கிட்டத்தட்ட அதுதான். "ரோட்டில் இடமே இல்லை" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இடம் இருக்கிறது; அதில் வண்டி நிற்கிறது.

வெறும் கோடு போதாது. தடுப்பு இல்லாத கோடு மாலைக்குள் பார்க்கிங் ஆகிவிடும். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே அங்கு தனித்தடங்கள் பெருகின.

1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸால் பெயர்பெற்ற ஊர் அம்பத்தூர். பதினொன்றாம் வகுப்பில் அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. ஆனால் என் மாணவிகள் சிலரின் அக்காக்களுக்குக் கிடைத்த வண்டி வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பம் எழுதும் பயிற்சிக்கு இதையே தந்தோம். யாருக்கு எழுதுவது? அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற கொள்கையை அம்மாநகராட்சி 2014இல் ஏற்றது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. சாலையோ நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில். ஆக, மூன்று படிகள்.

ஒரு மாணவன் மட்டும் கையெழுத்திட மறுத்தான். அவன் அப்பாவுக்கு அந்தச் சாலையோரம் மெக்கானிக் கடை. "வண்டிய எங்க நிறுத்துவாங்க?" என்றான். வகுப்பு அரைமணி நேரம் வாதாடியது. கடைசியில் அவனே ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்திட்டான்: "தடம் அமையும் வரை, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் மட்டுமாவது ஓரத்தில் வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்."