"கொஞ்சம் கவனிச்சுக்கோங்கம்மா" என்றால் என்ன செய்யலாம்?

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று எதற்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழுகிறதா தங்கச்சி? விதி தெரியாது, கெடு தெரியாது, நமக்கு அவசரம் வேறு. லஞ்சம் வளர இந்த மூன்றும் போதும். கொடுக்க முடியாதவர் மனு அடியிலேயே கிடக்கும். சான்றிதழ் வருவதற்குள் பிள்ளையின் உதவித்தொகைக் கடைசித் தேதி போய்விடும். சண்டை போடாதே. எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டு வா.

1. ஒப்புகை வாங்கு: இ-சேவை மைய ரசீதிலுள்ள மனு எண்ணைப் பத்திரமாக வை. நேரில் கொடுத்தால், உன் நகலில் தேதியோடு முத்திரை கேள்.

2. ஆர்.டி.ஐ. போடு: 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பு. "ஏன் தாமதம்?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். "என் மனு எந்தெந்தத் தேதியில், எந்த அலுவலரிடம் இருந்தது?" என்று கேள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம்.

3. பணம் கேட்டால்: "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிடு. யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்று அன்றே குறித்துவை. உன் மாவட்ட லஞ்ச ஒழிப்புத் துறையில் எழுத்துப் புகார் கொடு. அவர்கள் பொறி வைக்க, கொடுக்க வேண்டிய நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். ஆனால் நீயாகப் பணத்தை நீட்டாதே. அவர் கேட்டார் என்பது நிரூபணமாகாவிட்டால் வழக்கு நிற்காது.

4. கொடுப்பதும் குற்றம்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவருக்கும் 7 ஆண்டுவரை சிறை உண்டு. வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு. வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டாயா? 7 நாளுக்குள் புகார் செய்தால் உனக்குப் பாதுகாப்பு இருக்கிறது. முன்கூட்டியே புகார் சொல்லி, போலீஸ் திட்டப்படி கொடுத்தால் குற்றமே இல்லை.

5. புரோக்கரை நம்பாதே: "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்றால், "அரசாங்கக் கட்டணம் எவ்வளவு? ரசீது தருவீங்களா?" என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால், மனுவை நீயே போடு.