மூச்சை மீட்கும் மருந்து

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுப் போடுகிறோம். தலைவலி வந்தால் மாத்திரை வாங்குகிறோம். வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில மருந்துகள் அபின் வகையைச் சேர்ந்தவை. மார்பின், டிரமடால், டாபென்டடால் ஆகியவை இந்த வகை. ஹெராயின் என்ற போதைப்பொருளும் இதே வகைதான்.

டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் மார்பின் நல்ல மருந்து. புற்றுநோயாளியின் கடும் வலியை அது தணிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. போதைக்காகச் சிலர் இந்த மாத்திரைகளை விழுங்குகிறார்கள். கரைத்து ஊசியாகவும் ஏற்றுகிறார்கள். அதனால்தான் 2018இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

உயிர் எப்படிப் போகிறது?

மூச்சு விடும்படி நமக்குக் கட்டளை இடுவது மூளை. அபின் வகை மருந்து மூளையில் போய் உட்காருகிறது. அளவு மீறினால் கட்டளை குறைகிறது. மூச்சு மெதுவாகிறது. பிறகு நின்று விடுகிறது.

மூன்று அடையாளங்களைப் பாருங்கள்.

1. தட்டினாலும் கூப்பிட்டாலும் எழவில்லை.
2. மூச்சு மிக மெதுவாக வருகிறது, அல்லது நின்று விட்டது. உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகின்றன.
3. கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது.

கரகரவென்று விட்டு விட்டுக் குறட்டை வரலாம். "பையன் அசந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அது தூக்கம் அல்ல. மூச்சு அடைபடும் சத்தம். உடனே எழுப்பிப் பாருங்கள்.

நலோக்சோன் என்ன செய்கிறது?

திருப்பதி பஸ்ஸில் ஒருவர் சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். வலுவான ஆள் வந்து அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்காருகிறார். நலோக்சோன் அந்த வலுவான ஆள். அபின் மருந்தை மூளையிலிருந்து கிளப்பிவிடும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் ஒரு மணி நேரம் போனால் நலோக்சோன் இறங்கிவிடும். அபின் மருந்து உடம்பில் மிச்சம் இருந்தால் மீண்டும் சீட்டைப் பிடிக்கும். ஆகவே கண் விழித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 1961இல் இந்த மருந்துக்குக் காப்புரிமை கேட்டவர்களில் ஜாக் ஃபிஷ்மன் ஒருவர். 2003இல் அவருடைய வளர்ப்பு மகன் ஹெராயின் அளவு மீறி இறந்தார். மருந்து உலகில் இருந்தால் மட்டும் போதாது. வேண்டிய நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் 108க்குப் போன் செய்யுங்கள். இந்தச் சேவை ஆந்திராவில் 2005இல் தொடங்கியது. நகரியில் கூப்பிட்டாலும், எல்லை தாண்டித் திருத்தணியில் கூப்பிட்டாலும் எண் 108தான்.

மூச்சு இல்லையா? மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்குங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். 5 விநாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள்.

மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் தொண்டை அடைக்காது.

நலோக்சோன் ஊசியைப் பழகியவர் போடட்டும். மூச்சு வரவில்லை என்றால் 2, 3 நிமிடம் கழித்து மறுபடியும் போடுவார்கள். சாராயம், தூக்க மாத்திரை, பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. எனவே சாப்பிட்ட மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலில் போய்விடும். தனியாக விட்டுப் போகாதீர்கள்.

கேள்வியும் பதிலும்

"போலீஸ் வருமே, அக்கா?"

பயந்து கதவைச் சாத்தினால் உயிர் போகும். உயிர் போனால் திரும்பாது. போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கு வழக்கிலிருந்து சட்டம் பாதுகாப்புத் தருகிறது. போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவு இதைச் சொல்கிறது.

"ஊசியை விட்டுவிட்டான். இனி ஆபத்து இல்லையே?"

விட்ட பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். உடம்பு பழைய அளவைத் தாங்காது. சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வந்தவர் பழைய அளவை எடுத்தால் இறந்து போகலாம். குடியோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

"எங்கே உதவி கேட்பது?"

போதையிலிருந்து மீள 14446க்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

செய்து பாருங்கள்

1. மூன்று அடையாளங்களைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.
2. கண் விழித்த பிறகும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? இரண்டு வரி எழுதுங்கள்.
3. 108, 14446 ஆகிய எண்களைப் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.
4. வீட்டில் வலி மருந்து இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.