சாப்பாட்டில் எவ்வளவு சக்தி இருக்கு?

"விடியக்காலையில சாயத்தண்ணிய மட்டும் குடிச்சிட்டுப் பெரட்டுக்கு ஓடினேன். பத்து மணிக்கே கால் நடுங்குது" என்று அம்மாமார் சொல்வதுண்டு. ஏன் நடுங்குகிறது? ஒரு கடலைப் பருப்பை எரித்துப் பார்ப்போம்.

அடுப்பில் விறகு எரிவதுபோல, நம் உடம்பில் சாப்பாடு மெதுவாக எரிந்து சக்தி தருகிறது. 1 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் 1 கலோரி. 1,000 கலோரி சேர்ந்தால் 1 கிலோ கலோரி.

செய்முறை (பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்):

1. சிறிய பால் பேணியில் 50 மில்லி லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் எடை 50 கிராம். வெப்பமானியால் அளந்து குறியுங்கள்.
2. அரைக் கிராம் கடலைப் பருப்பை ஊசியில் குத்திப் பற்றவையுங்கள்.
3. பேணியை அதன் மேலே பிடியுங்கள். பருப்பு எரிந்து முடிந்ததும் மறுபடி அளவுங்கள்.

22 பாகை 42 ஆனது என்று வைப்போம். உயர்வு 20 பாகை.

50 × 20 = 1,000 கலோரி = 1 கிலோ கலோரி.

அரைக் கிராமுக்கு 1 என்றால், ஒரு கிராமுக்கு 2. ஆனால் கடலையின் உண்மையான அளவு கிராமுக்கு 5.7 அளவில் வரும். மிச்சம் எங்கே போனது? காற்றிலும் பேணியிலும் கரியிலும் போய்விட்டது. அதனால்தான் ஆய்வுகூடத்தில், ஒட்சிசன் நிரப்பி மூடிய உருக்குக் கலத்தைத் தண்ணீருக்குள் வைத்து உணவை எரிக்கிறார்கள். அதற்குக் கலோரிமானி என்று பெயர்.

எரிவதெல்லாம் உணவாகாது. விறகும் எரியும், ஆனால் நமக்குச் செரிக்காது. அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர் உடம்பிலிருந்து வீணாகக் கழிவதையும் கணக்கில் எடுத்தார். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 கிலோ கலோரி என்பது அவர் வழி வந்த கணக்கு.

இப்போது நம்ம வீட்டுக் கணக்கு:

சாயத்தண்ணியில் 2 தேக்கரண்டி சீனி (10 கிராம்): 40
ரொட்டிக்குக் கோதுமை மா 100 கிராம்: 350
தேங்காய்ப்பூ 20 கிராம்: 70
மொத்தம்: ஏறக்குறைய 460 கிலோ கலோரி.

மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு நாளைக்கு 2,000க்கு மேல் வேண்டும். வெறும் சாயத்தண்ணியில் கிடைப்பது 40தான்! கால் நடுங்காமல் என்ன செய்யும்?

தாய்மாரே, எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் ரொட்டியை முதலிலேயே எடுத்து வையுங்கள். கலோரி மட்டும் போதாது. பருப்பும் கீரையும் சேருங்கள்.

பிள்ளைகளே, 30 கிராம் கடலையில் எத்தனை கிலோ கலோரி? கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்டுங்கள். (விடை: சுமார் 170)