செக் அடிக்கட்டையும் செல்போன் பணமும்



குமணன்சாவடியில் நாங்கள் மளிகை மொத்த வியாபாரம் தொடங்கியபோது கடையில் மூன்று புத்தகங்கள் இருந்தன: நாள்வழி, பேரேடு, செக் புத்தகம். மூன்றாவதைக் கணக்குப் புத்தகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதுவும் கணக்குப் புத்தகம்தான். செக்கைக் கிழித்துக் கொடுத்த பிறகு நம்மிடம் நிற்கும் அடிக்கட்டையில் தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற நான்கும் இருக்கும். எழுதாமல் கிழிக்கப் போனால் எங்கள் கணக்குப்பிள்ளை பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பார்.

இப்போது கடைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி செல்போன் வழியாக வருகிறது. ஆர்.டி.ஜி.எஸ். 2004-லும், நெஃப்ட் 2005-லும், யு.பி.ஐ. 2016-லும் வந்தன. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இரவு, ஞாயிறு என்று பாராமல் நடக்கின்றன. செக்கும் முன்போல் இல்லை. சென்னையில் 2011 முதலே செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது, தாள் போவதில்லை. 2025 அக்டோபர் 4 முதல் போட்ட அன்றே பாஸாகும் ஏற்பாடும் வந்துவிட்டது. ஆகவே எது வேகம் என்று வாதாடுவதில் பயனில்லை. எதில் கணக்கு நிற்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். முப்பது ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்குப் பேரேட்டில் ரூ.18,400 பாக்கி நின்றது. கேட்டோம். “அண்ணாச்சி, அது போன வாரமே போட்டாச்சே” என்றார். வங்கிக் கணக்கைப் புரட்டினோம். அவர் பெயர் இல்லை. கல்லாவின் முன் இரண்டு மூன்று பேர் நிற்கும்போதே “எங்களுக்கு வரவில்லையே” என்று சொல்லிவிட்டோம். அவர் பதில் பேசவில்லை. மறுவாரம் சரக்குச் சீட்டு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மாதக் கடைசியில் கணக்கை ஒப்பிட்டபோது முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் அதே ரூ.18,400 வரவாகி இருந்தது. விசாரித்தால், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அவர் மகள்! அப்பாவுக்காகத் தன் போனிலிருந்து அனுப்பியிருக்கிறாள். எங்கள் தம்பி மகன் அதை ‘விவரம் தெரியாத வரவு’ என்று எழுதி அப்படியே விட்டிருந்தான். அவனைச் சொல்லிப் பயனில்லை, நாங்களும் பார்க்கவில்லை. நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். டீ வாங்கிக் கொடுத்தார். சரக்கும் எடுக்கிறார். ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கு செக்காகத்தான் தருகிறார்.

யு.பி.ஐ. பணத்துக்குப் பன்னிரண்டு இலக்க எண் உண்டு, நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பணத்துக்கு யு.டி.ஆர். எண் உண்டு. பணம் வந்தது என்பதற்கு அவை அசைக்க முடியாத சாட்சி. எந்தப் பில்லுக்கு, யாருக்காக என்பதை அவை சொல்லாது. அனுப்புகிறவர் குறிப்புக் கட்டத்தில் பில் எண்ணைப் போட்டால்தான் உண்டு. நம் பில்லிலேயே அப்படிக் கேட்டு ஒரு வரி அச்சிடலாம். போனில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கை ஏற்றிவிட வேண்டாம். பொய்ப் படம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் கணக்கில் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

நாம் அனுப்பும்போது இன்னொரு ஆபத்து உண்டு. நெஃப்டில் கணக்கு எண்ணைப் பார்த்தே பணம் போகும். ஓர் இலக்கம் மாறினால் வேறொருவரைச் சேரலாம். 2025 ஏப்ரல் 1-க்குள், அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்டுக்கும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கும் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. பெயரைப் படித்துவிட்டு விரலை வையுங்கள்.

செக்கிலும் சங்கடம் உண்டு. கொடுத்துவிட்டோம் என்று பேரேட்டில் கழிப்போம். வாங்கியவர் போடாவிட்டால் வங்கியில் பணம் மிகுந்தே தெரியும். கிடங்கு வாடகைக்குக் கொடுத்த செக் ஒன்று வீட்டுக்காரர் மேசைக்குள் நான்கு மாதம் கிடந்தது. 2012 ஏப்ரல் முதல் செக்குக்கு மூன்று மாதமே ஆயுள். வேறு எழுத நேர்ந்தது. மாதக் கடைசியில் ‘கொடுத்தும் பாஸாகாதவை’ என்று தனியாகக் குறிப்பது அவசியம்.

ஆனாலும் கடனுக்குச் சரக்கு கொடுக்கும் நாம் செக்கை அடியோடு விட முடியாது. பணமின்றித் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். ‘நாளைக்கு அனுப்புகிறேன்’ என்ற வாய்ப்பேச்சுக்கு அந்த வலு கிடையாது.

வீட்டுச் செலவையும் சொல்ல வேண்டும். பேரனின் பள்ளிக் கட்டணம், மருந்து, பெட்ரோல் எல்லாம் கடைக் கணக்கிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. ஆடிட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டபோது விழித்தோம். இப்போது வீட்டுக்குத் தனிக் கணக்கு. மாதந்தோறும் இரண்டுக்கும் வங்கி விவரத்தை இறக்கி அச்செடுத்துக் கோப்பில் போடுகிறோம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். நம் போன்கள் அத்தனை காலம் உழைப்பதில்லை.

ஷட்டரை இறக்குமுன் தம்பி மகன் அன்றைய செல்போன் வரவை ஒரு நோட்டில் எழுதுகிறான்: தேதி, அனுப்பியவர், யார் கணக்குக்கு, பில் எண், தொகை. இருபது நிமிடம் ஆகிறது. பேர் தெரியாத வரவு இருந்தால் அன்றிரவே போன் செய்து கேட்கிறான்.